பிறந்தநாளில் கேக் வெட்டுவதா? ஏரியைச் சுற்றி ஓடுவதா?



பிறந்தநாள் என்றதும் நம் நினைவுக்கு வருவது என்ன? புத்தாடை, காலைத் திருப்பலி, பெற்றோரின் ஆசீர், பள்ளியில் நண்பர்களுக்குக் கொடுக்கும் மிட்டாய். இவை நம் வீடுகளில் நெடுங்காலமாக இருப்பவை. இன்று இவற்றோடு இன்னும் பல சேர்ந்துவிட்டன. இரண்டு அடுக்கு கேக், பலூன் தோரணம், வாடகை மண்டபம், நள்ளிரவு பன்னிரண்டு மணிக்கு வெடிக்கும் பட்டாசு, தெருமுனையில் பேனர். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குச் செய்ததைவிடக் குறைவாக நம் பிள்ளைக்குச் செய்யக்கூடாதே என்ற கவலையில் கடன் வாங்குகிற பெற்றோரையும் நாம் அறிவோம். விழா முடிந்த மறுநாள் எஞ்சுவது என்ன? ஒரு மூட்டை குப்பையும், அடைக்க வேண்டிய கடனும்தான்.

இதற்கிடையில் வேறொரு பழக்கமும் மெல்லப் பரவி வருகிறது. சிலர் தம் பிறந்தநாள் காலையில் ஓடச் செல்கிறார்கள். நன்கு பயிற்சி பெற்றவர்கள் வயது எத்தனையோ அத்தனை கிலோமீட்டர் ஓடுகிறார்கள். நம்மைப் போன்ற சாதாரண மக்கள் வயதுக்கு ஒரு நிமிடம் என்று கணக்கு வைத்துக்கொள்கிறார்கள். முப்பது வயதுக்காரருக்கு முப்பது நிமிடம், அறுபது வயதுக்காரருக்கு அறுபது நிமிடம். ஓட முடிந்தால் ஓட்டம், முடியாவிட்டால் நடை.

இதற்கு ஏற்ற இடங்களில் ஒன்று நம் பழனி மலைத்தொடரில் இருக்கிறது. அதுதான் கொடைக்கானல் ஏரி. மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் என்பவரின் முயற்சியால் 1863-ஆம் ஆண்டில் நீரோடையை மறித்து உருவாக்கப்பட்ட ஏரி இது. நட்சத்திரம்போல் கைகள் விரிந்த இந்த ஏரியை ஒருமுறை சுற்றிவந்தால் ஏறக்குறைய 5 கிலோமீட்டர். நிதானமாக நடப்பவருக்கு ஒரு மணி நேரம் ஆகும். அறுபது வயதில் இருக்கும் தாத்தாவின் பிறந்தநாளுக்கு இந்த ஒரு சுற்று சரியான அளவு அல்லவா?

பிறந்தநாளைக் கொண்டாட இது சரியான வழியா, இதில் பொருள் ஏதும் உண்டா, உடலுக்கு ஏற்றதா என்று சிந்தித்துப் பார்ப்போம்.

திருஅவை மரபில் பிறந்தநாள்

தொடக்கக் காலக் கிறிஸ்தவர்கள் பிறந்தநாளை விரும்பிக் கொண்டாடியவர்கள் அல்லர். காரணம் இருந்தது. விவிலியத்தில் பிறந்தநாள் விருந்து வைத்தவர்கள் யார் என்று பாருங்கள். ஒருவன் எகிப்தின் பார்வோன். அவன் தன் பிறந்தநாளில் அப்பம் சுடுவோரின் தலைவனைத் தூக்கிலிட்டான் (தொநூ 40:20-22). மற்றொருவன் ஏரோது. அவனுடைய பிறந்தநாள் விருந்தில்தான் திருமுழுக்கு யோவானின் தலை வெட்டப்பட்டது (மாற் 6:21-28). மக்கபேயர் நூலில் வரும் அந்தியோக்கு அரசனின் பிறந்தநாளோ, யூதர்கள் கட்டாயமாகப் பலியுணவு உண்ணவேண்டிய துன்ப நாளாக இருந்தது (2 மக் 6:7). மூன்றாம் நூற்றாண்டு அறிஞர் ஒரிஜன் பார்வோனையும் ஏரோதையும் சுட்டிக்காட்டி, நேர்மையாளர் எவரும் இப்படிப் பிறந்தநாள் கொண்டாடியதாக மறைநூலில் இல்லை என்றார்.

இந்த விருந்துகளில் என்ன குறை? பிறந்தவரே மையம். அவருடைய பெருமைக்காக மற்றவர்கள் விலை கொடுத்தார்கள். நம் காலத்துப் பிறந்தநாள்களில் இந்தச் சாயல் சிறிதும் இல்லை என்று சொல்ல முடியுமா?

ஆதித் திருஅவை 'பிறந்தநாள்' என்ற சொல்லுக்கு வேறு பொருள் கொடுத்தது. மறைச்சாட்சிகள் இறந்த நாளையே விண்ணகத்தில் அவர்கள் பிறந்த நாள் என்று அழைத்தது. இரண்டாம் நூற்றாண்டில் சிமிர்னா நகரில் உயிர்துறந்த ஆயர் புனித பொலிகார்ப்பின் நினைவை அவ்வூர் இறைமக்கள் இப்படித்தான் கொண்டாடினார்கள். இன்றும் நம் வழிபாட்டு நாள்காட்டியில் பெரும்பாலான புனிதர்களின் விழா அவர்கள் இறந்த நாளிலேயே அமைகிறது. மண்ணகப் பிறப்பு கொண்டாடப்படுவது மூவருக்கு மட்டுமே: டிசம்பர் 25-இல் ஆண்டவர் இயேசு, செப்டம்பர் 8-இல் அன்னை மரியா, ஜூன் 24-இல் திருமுழுக்கு யோவான்.

இந்த மூன்றில் ஒன்று நம் கவனத்திற்குரியது. செப்டம்பர் 8 என்றால் தமிழ்க் கத்தோலிக்கருக்கு வேளாங்கண்ணிப் பெருவிழா. ஆகஸ்ட் 29-இல் கொடியேறும் முன்பே காவி உடை உடுத்தி, செபமாலை சொல்லிக்கொண்டு, பல மாவட்டங்களிலிருந்து மக்கள் சாலையோரமாக நடந்து செல்வதை ஆண்டுதோறும் காண்கிறோம். அவர்கள் எதற்காக நடக்கிறார்கள்? ஒரு பிறந்தநாளுக்காக! தாயின் பிறந்தநாளைக் கால்களால் கொண்டாடும் மக்கள் நாம். ஆகவே பிறந்தநாளன்று ஓடுவதும் நடப்பதும் எங்கிருந்தோ வந்த புதுமை என்று எண்ணத் தேவையில்லை.

ஓர் ஆண்டு என்பது ஓர் ஓட்டம்

பிறந்தநாள் என்றால் என்ன? பள்ளிப் பிள்ளையும் சொல்லும்: பூமி சூரியனை ஒருமுறை சுற்றி முடித்த நாள். அந்தச் சுற்றின் நீளம் ஏறக்குறைய 94 கோடி கிலோமீட்டர். நொடிக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர் வேகத்தில் பூமி ஓடிக்கொண்டே இருக்கிறது. நாற்பது வயது நிறைந்த ஒருவர், தாம் உணராமலேயே 3,700 கோடி கிலோமீட்டருக்கும் மேல் சூரியனைச் சுற்றி வந்துவிட்டார். நாம் நாற்காலியில் அமர்ந்திருந்த நாள்களிலும், நோயில் படுத்திருந்த நாள்களிலும் இந்த ஓட்டம் நிற்கவில்லை. நாம் ஓடிச் சம்பாதித்தது அல்ல இது. நமக்குக் கொடுக்கப்பட்டது.

கொடைக்கானலில் இதை நினைவூட்டும் நிறுவனம் ஒன்றும் உண்டு. 1899-இல் தொடங்கப்பட்ட கொடைக்கானல் சூரிய ஆய்வுக்கூடம், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் சூரியனைப் படம் எடுத்துச் சேர்த்து வைத்திருக்கிறது. சூரியனின் கரும்புள்ளிகளில் வாயுக்கள் வெளிநோக்கி ஓடுவதை ஜான் எவர்ஷெட் கண்டறிந்ததும் இங்கேதான், 1909-ஆம் ஆண்டில். நூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஒரே சூரியனைப் பொறுமையோடு பார்த்துவரும் அந்த மலையில் நின்று, நம் ஆயுளின் ஆண்டுகளை எண்ணிப் பார்ப்பது பொருத்தமானதே.

குறிஞ்சிச் செடியையும் நினைத்துப் பாருங்கள். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் அது மலையை நீலமாக்குகிறது. 2006-இல் பூத்தது, 2018-இல் பூத்தது. இனி 2030-இல் எதிர்பார்க்கலாம். 2018-இல் பிறந்த பிள்ளை அப்போது பன்னிரண்டு வயதை எட்டியிருக்கும். சில கொடைகளுக்குக் காத்திருக்கத்தான் வேண்டும்.

கால்களால் எட்டிய ஊர்

இன்று வத்தலக்குண்டில் பேருந்து ஏறினால் சில மணி நேரத்தில் கொடைக்கானலில் இறங்கிவிடுகிறோம். முன்பு அப்படி இல்லை. மதுரையில் பணியாற்றிய அமெரிக்க மறைபணியாளர்கள் காய்ச்சலுக்கு அஞ்சி 1845-இல் மலையில் வீடுகள் கட்டினார்கள். அதன்பின் பல பத்தாண்டுகள், பெரியகுளம் பக்கத்து அடிவாரத்திலிருந்து செண்பகனூர் வரை ஒற்றையடி மலைப்பாதையே வழி. வசதி படைத்தோர் குதிரையிலும் டோலியிலும் ஏறினார்கள். டோலியையும் மூட்டை முடிச்சுகளையும் சுமந்தவர்கள் அடிவாரத்து ஏழைத் தொழிலாளர்கள். முதல் உலகப்போர்க் காலத்தை ஒட்டித்தான் மோட்டார் செல்லும் மலைச்சாலை முழுமை பெற்றது.

1866-இல் எழுந்த சலேத் மாதா ஆலயமும், 1895-இல் இயேசு சபையினர் செண்பகனூரில் தொடங்கிய திரு இருதயக் கல்லூரியும் அந்தச் சாலைக்கு முந்தியவை. அந்நாள்களில் வெளியிலிருந்து மலைக்கு வந்து சேர்ந்த ஒவ்வொரு பொருளும் யாரோ ஒருவரின் முதுகிலோ, தலையிலோ, ஒரு விலங்கின் மேலோ ஏறி வந்தது. நாம் மகிழ்ச்சிக்காக ஓடும் இம்மலையில் பிழைப்புக்காக ஏறி இறங்கிய கால்கள் ஏராளம். இன்றும் தோட்டங்களில் கேரட்டும் பூண்டும் சுமப்பவர்களின் கால்கள் அப்படிப்பட்டவையே. பிறந்தநாள் ஓட்டத்தில் அவர்களைக் கடந்து செல்லும்போது ஒரு வணக்கமாவது சொல்வோம்.

ஓடிக் கொண்டாடியவர்கள்

பிறந்தநாளை ஓட்டத்தோடு இணைப்பது உலகெங்கும் உண்டு. நம் நாட்டில் சர்தார் வல்லபாய் படேலின் பிறந்தநாளான அக்டோபர் 31, 2014 முதல் தேசிய ஒற்றுமை நாளாகக் கொண்டாடப்படுகிறது. அன்று ஊர்தோறும் ஒற்றுமை ஓட்டம் நடத்துகிறார்கள். தமிழகத்தில் முன்னாள் முதல்வர் கலைஞர் மு. கருணாநிதியின் பிறந்தநாள் நூற்றாண்டையொட்டி 2023 ஆகஸ்ட் 6-இல் சென்னையில் நடந்த மாரத்தானில் 70,000-க்கும் மேற்பட்டோர் பங்கேற்றார்கள்.

ஆனால் நம் உள்ளத்தைத் தொடுவது ஒரு விவசாயியின் கதை. பஞ்சாபில் பிறந்தவர் ஃபௌஜா சிங். அவருடைய கடவுச்சீட்டில் பிறந்தநாள் 1911 ஏப்ரல் 1. வயதான காலத்தில் மனைவியை இழந்தார். 1994-இல் ஒரு விபத்தில் மகனையும் இழந்தார். அந்தத் துயரத்திலிருந்து மீள்வதற்கு அவர் கண்ட வழி ஓட்டம். 2000-ஆம் ஆண்டில், 89 வயதில், லண்டன் மாரத்தானில் முதன்முறையாக ஓடினார். நூறு வயது நிறைந்த 2011-இல், கனடாவின் டொரான்டோ நகரில் ஒரே நாளில் 100 மீட்டர் முதல் 5,000 மீட்டர் வரை எட்டு ஓட்டங்கள் ஓடினார். சில நாள்களில், அக்டோபர் 16-இல், அதே நகரில் 42 கிலோமீட்டர் மாரத்தானையும் எட்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் எடுத்து முடித்தார்.

கின்னஸ் நிறுவனம் அதைச் சாதனையாகப் பதிவு செய்யவில்லை. ஏன் தெரியுமா? அவரிடம் பிறப்புச் சான்றிதழ் இல்லை! அவர் பிறந்த காலத்துக் கிராமத்தில் அதை யார் எழுதி வைத்தார்கள்? அதற்காக அவர் ஓட்டத்தை நிறுத்திவிடவில்லை. 2013 வரை போட்டிகளில் ஓடினார். அதன்பின்னும் நாள்தோறும் நடந்தார். 2025 ஜூலை 14-இல், தம் ஊருக்கு அருகே சாலையில் நடந்தபோது கார் மோதி இறந்தார். நூறாவது ஆண்டில் அவர் நமக்குக் கற்பிப்பது இதுதான்: துக்கத்தில் அமர்ந்துவிட்ட மனிதனையும் இரு கால்கள் மீண்டும் வாழ்வுக்குள் அழைத்துச் செல்ல முடியும்.

மலையை நேசித்த நம் புனிதர் ஒருவரும் உண்டு. 2025 செப்டம்பர் 7-இல் புனிதராக அறிவிக்கப்பட்ட பியர் ஜியோர்ஜியோ ஃப்ரசாத்தி இத்தாலியின் தூரின் நகரைச் சேர்ந்த இளைஞர். நண்பர்களோடு மலையேறுவார். இறங்கி வந்து நகரத்து ஏழைகளின் வீடுகளுக்கு உதவி கொண்டு செல்வார். 24 வயதில் போலியோ நோயால் இறந்தார். அவருக்கு மலையும் சேரியும் வேறு வேறாக இருக்கவில்லை.

உடலும் ஒரு கொடை

2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வின்படி, நம் நாட்டில் சர்க்கரை நோயாளிகள் ஏறக்குறைய 10 கோடிப் பேர். இதில் நம் குடும்பத்தினர் எத்தனை பேர்? வயது வந்தோர் வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிடங்கள் வேக நடை போன்ற உடலுழைப்பு செய்ய வேண்டும், பிள்ளைகள் நாள்தோறும் ஒரு மணி நேரம் ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தமிழக அரசும் 2023 நவம்பரில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை அமைத்து நடைப்பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது. உடல் தூய ஆவி தங்கும் கோவில் என்று பவுல் அடிகளார் கொரிந்தியருக்கு எழுதினார் (1 கொரி 6:19). கோவிலுக்கு வெள்ளையடிக்க வரி பிரிக்கும் நாம், இந்தக் கோவிலைப் பராமரிக்கிறோமா?

ஒரு நாள் ஓடிவிட்டால் உடல் நலமாகிவிடாது. உண்மைதான். ஆனால் பிறந்தநாள் ஆண்டுதோறும் வரும் ஓர் அளவுகோல். சென்ற ஆண்டு மூச்சு வாங்காமல் ஏறிய மேட்டில் இந்த ஆண்டு நிற்க வேண்டியிருக்கிறதா? அது உடல் நமக்கு அனுப்பும் கடிதம். அதைப் பிரித்துப் படிப்பது நல்லது.

மலையில் ஓடுவோர் கவனத்திற்கு

கொடைக்கானல் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் குறைவு. ஒவ்வொரு மூச்சிலும் நாம் பெறும் ஆக்சிஜன் சமவெளியில் பெறுவதைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. அதை ஈடுகட்ட இதயம் வேகமாகத் துடிக்கிறது. திண்டுக்கல்லிலோ மதுரையிலோ எளிதாக ஓடுகிறவருக்கு மலையில் மூச்சு வாங்குவது இதனால்தான். எனவே சிலவற்றை மனத்தில் கொள்வோம்.

- மலைக்கு வந்த அன்றே ஓடாமல், ஓரிரு நாள் நடந்து உடலைப் பழக்குங்கள். பக்கத்தில் வருபவரோடு பேசிக்கொண்டே ஓட முடிந்தால் வேகம் சரி. பேச முடியாவிட்டால் வேகத்தைக் குறையுங்கள்.
- இதய நோய், இரத்தக் கொதிப்பு, ஆஸ்துமா உள்ளவர்களும், நெடுநாள் பயிற்சி இல்லாதவர்களும் மருத்துவரைக் கேட்ட பிறகே ஓடவேண்டும். நெஞ்சில் வலியோ தலைசுற்றலோ வந்தால் உடனே நின்றுவிடுங்கள்.
- சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் ஓட வேண்டாம். சிறிது இனிப்பைக் கையில் வைத்திருங்கள்.
- குளிரில் தாகம் தெரியாது. ஆனாலும் தண்ணீர் தேவை. வீட்டுப் பாட்டிலிலேயே கொண்டு செல்லுங்கள். மலையில் விட்டுவந்த பிளாஸ்டிக் மலையிலேயே தங்கிவிடும்.
- விடியலில் மூடுபனி இருக்கும். காட்டெருமைகள் ஊருக்குள்ளும் நடமாடும். நன்றாக வெளிச்சம் வந்தபின் கூட்டமாகச் செல்லுங்கள். காட்டெருமையைக் கண்டால் அருகில் போகாமல், படம் எடுக்க முயலாமல், விலகி வழிவிடுங்கள்.
- சாலையில் எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி வலப்புறமாக ஓடுங்கள். வெளிர்நிற உடை அணியுங்கள். காதில் பாட்டுக் கருவி வேண்டாம்.
- 2013-இல் அறிவிக்கப்பட்ட வனவிலங்கு சரணாலயப் பகுதிக்குள் அனுமதியின்றி நுழைய வேண்டாம். வாகனங்களுக்கான இ-பாஸ் முறை 2024 மே 7 முதல் நடைமுறைக்கு வந்தது. புறப்படும் முன் அப்போதைய விதிமுறையைக் கேட்டறியுங்கள்.

கொடைக்கானலுக்குச் செல்ல வசதி இல்லையே என்று வருந்த வேண்டாம். ஊர்க் கண்மாய்க்கரை போதும். பள்ளி மைதானம் போதும். கோவிலைச் சுற்றிவரும் தேர்ப்பாதையும் போதும்.

முந்தியவர் காத்திருந்தார்

ஓட்டம் என்றதும் ஒரு கேள்வி எழும். ஓட இயலாதவர்கள் என்ன செய்வது? மூட்டு வலியுள்ள பாட்டி, சக்கர நாற்காலியில் இருக்கும் தம்பி, நோயில் படுத்திருக்கும் அப்பா? இவர்களுக்குப் பிறந்தநாள் இல்லையா?

விவிலியத்தில் ஓடியவர்களைப் பார்ப்போம். உயிர்ப்பு ஞாயிறன்று பேதுருவும் மற்றச் சீடரும் கல்லறைக்கு ஓடினார்கள். மற்றவர் பேதுருவைவிட விரைவாக ஓடி முதலில் போய்ச் சேர்ந்தார். ஆனால் அவர் உள்ளே நுழையவில்லை. பின்னால் வந்த பேதுரு முதலில் நுழைந்தார் (யோவா 20:4-6). முந்தியவர் பிந்தியவருக்காக நின்றார்.

ஊதாரி மகன் உவமையில் ஓடியவர் யார்? இளைஞனான மகன் அல்ல. வயது முதிர்ந்த தந்தை (லூக் 15:20). மதிப்புமிக்க பெரியவர் தெருவில் ஓடுவது அக்காலத்தில் பெருமைக்குரிய செயலாக எண்ணப்படவில்லை. அன்பு அவரை ஓட வைத்தது. அன்னை மரியாவும் மலைநாட்டை நோக்கி விரைந்து சென்றது, வயதான உறவினர் எலிசபெத்துக்காக (லூக் 1:39). இவர்களில் ஒருவரும் பரிசுக்காக ஓடவில்லை. யாரோ ஒருவரைச் சேர்வதற்காக ஓடினார்கள்.

நம் பிறந்தநாள் ஓட்டத்திற்கும் இதுவே இலக்கணம் ஆகட்டும். குடும்பத்தில் மிக மெதுவாக நடப்பவர் யாரோ அவருடைய வேகமே அன்று எல்லாருடைய வேகம். சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஏரியைச் சுற்றலாம். வெளியே வரவே முடியாதவர் இருந்தால், ஓட்டம் அவருடைய படுக்கையருகில் முடியட்டும். வியர்வையோடு வந்து, அவருடைய கையைப் பிடித்து, "உங்களுக்காகவும் ஓடினேன்" என்று சொல்லுங்கள். எந்தக் கேக்கும் தராத இனிமை அதில் உண்டு.

நாம் என்ன செய்யலாம்?

கேக்கே கூடாது என்று நாம் சொல்லவில்லை. பிள்ளை ஆசைப்பட்டால் சிறியதாக ஒன்று வெட்டட்டும். ஆனால் அன்றைய காலை திருப்பலியோடும், குடும்பமாக ஓடும் அல்லது நடக்கும் ஓட்டத்தோடும் தொடங்கட்டும். ஒவ்வொரு நிமிடத்திற்கும் ஒரு வயதை நினைவுகூருங்கள். ஐந்தாம் நிமிடத்தில் எழுத்து கற்றுத் தந்த ஆசிரியர், பத்தாம் நிமிடத்தில் புதுநன்மை, இருபதாம் நிமிடத்தில் முதல் வேலை, முப்பதாம் நிமிடத்தில் மடியில் தவழ்ந்த குழந்தை. துயரமான ஆண்டின் நிமிடமும் வரும். அதையும் ஓடிக் கடப்போம். அந்த ஆண்டையும் கடந்துதானே இங்கே வந்திருக்கிறோம்?

மண்டபத்திற்கும் பேனருக்கும் ஒதுக்கிய பணம் மிச்சமாகும். அதில் வயதுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, பங்கிலுள்ள ஓர் ஏழை மாணவருக்குக் கொடுக்கலாம். பங்குகளில் அன்பியங்கள் சேர்ந்து, அந்தந்த மாதத்தில் பிறந்தவர்களுக்காக ஒரு ஞாயிறு திருப்பலிக்குப் பின் பொது நடை ஒன்றை ஏற்பாடு செய்யலாம். இளையோர் குழு முன்னின்று வழிநடத்தலாம். முதியோர் கொடியசைத்துத் தொடங்கி வைக்கலாம்.

நல்லதொரு போராட்டத்தில் ஈடுபட்டு, தம் ஓட்டத்தை முடித்துவிட்டதாகப் பவுல் அடிகளார் தம் வாழ்வின் மாலையில் திமொத்தேயுவுக்கு எழுதினார் (2 திமொ 4:7). நமக்கு அந்தக் கடைசிக் கோடு எங்கே இருக்கிறது என்பது தெரியாது. தெரிந்தது ஒன்றுதான்: இன்னும் ஓர் ஆண்டு நமக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது. அடுத்த பிறந்தநாள் காலையில் செருப்பை மாற்றிக்கொண்டு, வீட்டிலுள்ள ஒருவரையாவது உடன் அழைத்துக்கொண்டு, நன்றியோடு வாசலைத் தாண்டுவோமா?